சீட்டுக்கு அடியில் பெட்ரோல் வாய்: பழைய ஜீப்பின் பாடியை வெட்டலாமா?

குன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிகிற விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தைச் சொல்கிறேன். அவருக்கு வயது 63. தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா 1967இல் ராணுவ ஏலத்தில் எடுத்த வில்லிஸ் எம்.பி. ஜீப், 1944ஆம் வருடத்து வண்டி, இன்றும் வீட்டில் ஓடுகிற நிலையில் நிற்கிறது. ஆர்.சி. புக் அப்பாவின் காலத்துக்குப் பிறகு இவர் பெயருக்கு மாறி, ஒருமுறைகூட விடாமல் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது.

தொல்லை பெட்ரோல் போடும்போதுதான். இந்த வண்டியில் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதன் வாயும் அங்கேயே. பெட்ரோல் பங்குக்குப் போனால் இறங்கி, குஷனைத் தூக்கி, மூடியைக் கழற்ற வேண்டும். நாசிலைச் சாய்த்துப் பிடித்தால் 'டக்' என்று கட் ஆகிறது, நேராகப் பிடித்தால் மேலே கொப்பளித்து வண்டிக்குள் வழிகிறது. போன தீபாவளிக்கு மனைவியின் புதுப் புடவையில் தெறித்துவிட்டது. "இனி இந்த வண்டியில் கால் வைக்க மாட்டேன்" என்று அவர் சொல்லிவிட்டார். அதிலிருந்து இவர் பங்கில் ஒரு தண்ணீர் கேனில் பெட்ரோல் வாங்கி வந்து, வீட்டு வாசலில் புனல் வைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறார். அப்படியும் வண்டியில் பெட்ரோல் வாடை போகவில்லை.

அவருடைய மெக்கானிக் ஒரு வழி சொல்லியிருக்கிறார். இடது பக்கப் பாடியில் நாலு அங்குல ஓட்டை போடுவது. டேங்கின் மேல் கழுத்தை அடைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒரு குழாயை வெல்டிங் வைப்பது. இரண்டுக்கும் நடுவே ரேடியேட்டர் ஹோஸ். "சி.ஜே. ஜீப்புல கம்பெனிக்காரனே வாயை வெளியிலதான் வெச்சான் சார்" என்பது அவர் வாதம். (சி.ஜே. என்பது இதே ஜீப்பின் பொதுமக்கள் வகை.) டேங்கைக் காலி செய்து இரண்டு நாள் வெயிலில் வைத்தால் வெல்டிங் அடிக்கலாமாம். ஒரு நாள் வேலை.

கடிதத்தில் போகிற போக்கில் இரண்டு விஷயம் வருகிறது. பழைய வண்டிகளையெல்லாம் உடைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வின்டேஜ் நம்பருக்கு விண்ணப்பிக்க இருக்கிறார். அப்புறம், வரும் தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு இந்த ஜீப்பில்தான் என்று முடிவாகிவிட்டது. கேள்விகள் மூன்று: வாயை வெளியே மாற்றலாமா? ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டுமா? இன்சூரன்ஸ் பாதிக்குமா?

அன்புள்ள ஐயா,

நான் வக்கீல் கோட்டுப் போடுவதற்கு முன் ஒன்பது வருடம் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன். எரிந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் சட்டத்தோடு கொஞ்சம் ஸ்பேனர் வேலையும் இந்தப் பதிலில் கலந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக் சொன்ன அந்த வேலையைச் செய்யாதீர்கள். வாயை வெளியே வைப்பதே தப்பு என்பதால் இதைச் சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்தால் அது வேலை செய்யும். ஆனால் உங்கள் வீட்டுப் பிரச்சினை வாடை. அந்த வாடை வாயிலிருந்துதான் வருகிறது என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது.

முதலில் வாடை எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் போட்டு ஒரு வாரம் கழித்தும் வாடை அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சிந்திய பெட்ரோல் ஒரு வாரம் தங்காது, திறந்த வண்டியில் ஒரு மணி நேரத்தில் பறந்துவிடும். அப்படியானால் எங்கோ கசிகிறது. உங்கள் டேங்கில் கசிவதற்கு நாலைந்து இடம் உண்டு: மூடியின் வாஷர், மேலே பெட்ரோல் மீட்டரின் மிதவை உட்காரும் தட்டு, அதன் ஸ்க்ரூக்கள், பெட்ரோல் குழாய் இணைகிற நட்டு, அடியில் இருக்கும் வடிகால் நட்டு. மிதவைத் தட்டுக்குக் கீழே பழைய கார்க் வாஷர் இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல் வையுங்கள். இப்போது பங்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 1944இல் செய்த வண்டிக்கு அது புதுச் சரக்கு. அந்தக் காலத்து ரப்பரும் பசையும் கார்க்கும் அதைத் தாங்குவது கஷ்டம்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், செலவு பத்து ரூபாய்கூட ஆகாது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது குஷனை எடுத்துவிட்டு, டேங்கின் மேல்பக்கத்தைத் துணியால் துடைத்து உலர விடுங்கள். மூடியைச் சுற்றியும் மிதவைத் தட்டைச் சுற்றியும் குழாய் நட்டிலும் முகப் பவுடரைத் தூவுங்கள். ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஈரம் பட்ட இடத்தில் பவுடர் கறுத்துத் திட்டாகத் தெரியும். டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் நனைந்தால் கோளாறு மேலே. பாதி டேங்கிலும் வாடை அடித்தால் கீழே படுத்து வடிகால் நட்டைப் பாருங்கள். டேங்க் உட்கார்ந்திருக்கிற அந்தக் குழிவான தட்டையும் பாருங்கள். மழைத் தண்ணீரும் சேறும் தேங்குகிற இடம் அது. தண்ணீர் போகும் ஓட்டைகள் அடைத்துக்கொண்டால் டேங்க் வெளிப்பக்கத்திலிருந்து துருப்பிடித்துக்கொண்டே வரும், மேலேயிருந்து பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கும். உங்கள் ஊர் மழைக்கு இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டேங்கின் அடித்தகடே துரு தின்று ஊசித் துளை விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாயை வெளியே கொண்டுபோய் என்ன பிரயோஜனம்? ஓட்டை டேங்கில் இன்னும் வசதியாகப் பெட்ரோல் ஊற்றுவோம், அவ்வளவுதான்.

'கம்பெனியே வெளியில் வைத்தான்' என்பது பற்றி

உங்கள் மெக்கானிக் சொன்னது பாதி உண்மை. போர் முடிந்து 1945இல் பொதுமக்களுக்கு என்று வந்த சி.ஜே.2ஏ வண்டியில் வில்லிஸ் கம்பெனி பெட்ரோல் வாயை ஓட்டுநர் பக்கத்துப் பாடிக்கு வெளியே கொண்டுவந்துவிட்டது. சீட்டைத் தூக்குகிற தொல்லை அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஆனால் அவர்கள் பழைய டேங்குக்குப் புது வாய் வைக்கவில்லை, டேங்கையே மாற்றினார்கள். உங்கள் எம்.பி. டேங்க் 15 அமெரிக்க கேலன், சுமார் 57 லிட்டர் பிடிக்கும். சி.ஜே.2ஏ டேங்க் பத்தரை கேலன், அதாவது 40 லிட்டர்தான். கழுத்து எந்த உயரத்தில் வெளியே வரவேண்டும் என்பதையும் சேர்த்து யோசித்துச் செய்த டேங்க் அது.

உங்கள் டேங்கின் விலாவில் ஒரு குழாயை ஒட்டவைப்பது வேறு கதை. வெளிவாய் டேங்கின் மேல்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டேங்க் முழுக்க நிறையாது. அந்தக் குழாய் வழி நெடுகச் சரிந்துகொண்டே இறங்க வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே பெட்ரோல் தேங்கும். டேங்குக்குள் இருக்கிற காற்று வெளியே வரத் தனியாக ஒரு சிறு குழாய், டேங்கின் உச்சியிலிருந்து கழுத்துவரை, கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் இப்போது பங்கில் நடக்கிற அதே கொப்பளிப்பு வெளியில் நடக்கும். மெக்கானிக் அந்தக் காற்றுக் குழாயைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று, மலையில் இருக்கிற உங்களுக்கு இது முக்கியம். பெட்ரோல் சூட்டில் விரியும். ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். குன்னூரில் 12 டிகிரிக் குளிரில் காலையில் டேங்கை முட்ட நிரப்பிவிட்டு, மேட்டுப்பாளையத்தில் 34 டிகிரி வெயிலில் வண்டியை நிறுத்தினால், 57 லிட்டர் ஒரு லிட்டருக்கும் மேலே கூடிவிடும். அந்த ஒரு லிட்டர் எங்கே போகும்? இப்போது நீங்கள் மேலேயிருந்து கண்ணால் பார்த்து ஊற்றுகிறீர்கள், கொஞ்சம் இடம் விட்டு நிறுத்த முடிகிறது. வாயை உயரத்தில் வைத்து முட்ட நிரப்பினால் டேங்கில் அந்த இடம் மிஞ்சாது. மூடி வழியாக இடது பக்கப் பாடியில் வழிந்து பின் டயர்மேல் சொட்டும்.

ரேடியேட்டர் ஹோஸும் வெயிலில் காய்ந்த டேங்கும்

இந்த இரண்டும்தான் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வரிகள்.

ரேடியேட்டர் ஹோஸ் சுடுதண்ணீருக்காகச் செய்த ரப்பர். தண்ணீரையும் சூட்டையும் வருடக்கணக்கில் தாங்கும், பெட்ரோலைத் தாங்காது. முதலில் ஊதி மெத்தென்று ஆகும். பிறகு கிளாம்ப் இறுக்கிய இடத்தில் வெடிக்கும். மாட்டிய அன்றைக்குப் பார்க்க அம்சமாக இருக்கும் என்பதுதான் அதிலிருக்கிற வம்பு. பெட்ரோலுக்கென்றே, எத்தனாலையும் தாங்கும்படி செய்த ஃபில்லர் ஹோஸ் கடையில் கிடைக்கிறது. விலை கூடத்தான், ஆனால் வேறெதையும் அந்த இடத்தில் மாட்டக் கூடாது.

அடுத்தது டேங்க் வெல்டிங். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமில்லை, காலியானதில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை பெட்ரோல் ஆவி இருந்தால் பற்றிக்கொள்ளும். உங்கள் 57 லிட்டர் டேங்குக்கு அந்தக் கீழ் அளவை எட்ட ஒரு தேக்கரண்டி பெட்ரோல் ஆவியானால் போதும். 80 வருடத் துருவின் இடுக்கிலும் மடிப்பிலும் தையலிலும் ஒரு தேக்கரண்டி ஒளிந்திருக்காதா? வெயிலில் காயவைத்தால் வாடை குறையும். வெல்டிங் சூடு பட்டதும் உள்ளே படிந்திருப்பது மறுபடி ஆவியாகும். நான் சர்வேயராக இருந்தபோது ஒரு பட்டறையில் இப்படி 'காய்ந்த' லாரி டேங்கின் மூடிப் பக்கம் தெறித்துக் கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு போயிருந்ததைப் போய்ப் பார்த்தேன். அது டீசல் டேங்க். கடைசியாக அதில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். வெல்டர் அந்த நேரம் கண்ணாடி எடுக்க உள்ளே போனதால் பிழைத்தார்.

டேங்கில் வெல்டிங் தேவைப்பட்டால், சுடுதண்ணீரும் நீராவியும் விட்டு முறையாகக் கழுவி, ஆவியை அளந்து பார்த்துவிட்டு வேலை செய்கிற டேங்க் பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும். சாதாரண டிங்கர் பட்டறையில் கொடுக்காதீர்கள். அதைவிட நல்லது, டேங்க் மோசமாக இருந்தால் அதே அளவில் புதிதாகச் செய்து வாங்கிக்கொண்டு, பழையதைக் கழுவிப் பரணில் போட்டு வைப்பது.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும் ஐயா. அந்தத் தண்ணீர் கேன். பெட்ரோலியம் சட்டப்படி விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம், சரி. ஆனால் வைக்கிற பாத்திரம் இறுக மூடிய உலோகமாக, 25 லிட்டருக்கு மிகாததாக இருக்க வேண்டும். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டர்தான். பிளாஸ்டிக் தண்ணீர் கேன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பிளாஸ்டிக் கேனிலிருந்து பிளாஸ்டிக் புனலில் ஊற்றும்போது நிலைமின்சாரம் சேரும், அதற்கு வடிகால் கிடையாது. உங்கள் வண்டியின் பின்னால் ஜெர்ரி கேன் மாட்டுவதற்கென்றே ஒரு தாங்கி இருக்கிறதே, அதில் 20 லிட்டர் இரும்பு கேன் ஒன்று வாங்கி மாட்டுங்கள். வண்டிக்கும் அது அழகு.

ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆவது பிரிவு. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படியான கட்டமைப்பு மாற்றம் என்று அதே பிரிவின் விளக்கம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்தது. மாநில விதிகளைக் காட்டி இதைத் தாண்ட முடியாது என்றது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். பெட்ரோல் வாய் எங்கே இருக்கிறது என்பது ஆர்.சி.யில் எழுதுகிற விவரம் கிடையாது. அது மட்டும் இடம் மாறினால் 'அடிப்படை அம்சம்' மாறிவிட்டது என்று சொல்வது கஷ்டம் என்பது என் கருத்து. உங்களுக்காக வாதாடச் சொன்னால் தைரியமாக வாதாடுவேன். ஆனால் வாதாட வேண்டிய நிலைக்கு ஏன் போக வேண்டும்? ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வருவார். பக்கத்தில் புதிதாக வெட்டின ஓட்டையும் வெல்டிங் தழும்பும் கண்ணில் பட்டால் 'இது என்ன?' என்று கேட்பார். அங்கே அவர் நினைப்பதுதான் அன்றைக்குச் சட்டம். நாம் மேல்முறையீட்டில் ஜெயிப்பதற்குள் தையும் போய் மாசியும் போய்விடும்.

இது சாதாரண ஆர்.சி.க்கு. வின்டேஜ் நம்பர் என்று வந்துவிட்டால் நிலைமையே வேறு.

வின்டேஜ் நம்பரும் மாப்பிள்ளை அழைப்பும்

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதல் புதிதாகச் சில விதிகள் சேர்ந்தன. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை வின்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அப்பாவின் நம்பர் போய்விடுமோ என்ற கவலை வேண்டாம்.

ஆனால் அதே விதி இன்னொன்றும் சொல்கிறது. வண்டி மூல வடிவத்தில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின் இவற்றில் மாற்றம் செய்கிற அளவுக்குப் பெரிய வேலை நடந்திருக்கக் கூடாது. நீங்கள் வெட்டப் போவது பாடி ஷெல். அதுவும் எந்தப் பக்கம்? இடது பக்கம். உங்கள் ஜீப்பில் கோடாலியும் மண்வெட்டியும் மாட்டுகிற கொக்கிகளும் பட்டைகளும் இருப்பது அந்தப் பக்கத்தில்தான். எம்.பி. ஜீப்பை அறிந்த யார் வந்தாலும் முதலில் பார்க்கிற இடம். அங்கே ஒரு சி.ஜே. வாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றால், 'மூல வடிவம்' என்று விண்ணப்பத்தில் எழுதக் கை கூசும்.

இப்போது நீங்கள் எதிர்பார்க்காத விஷயம். வின்டேஜ் பதிவு வாங்கினால் அந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடப் போவது போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். பெட்ரோல் போடப் போகலாம் என்று சட்டமே சொல்லியிருக்கிறது பாருங்கள். மாப்பிள்ளை அழைப்பு அந்தப் பட்டியலில் இல்லை. கல்யாணத்துக்கு முன் அவசரப்பட்டு வின்டேஜ் பதிவு வாங்கினால், நீங்களே பணம் கட்டி உங்கள் ஆசைக்குப் பூட்டுப் போட்ட மாதிரி ஆகும்.

அவசரமும் இல்லை. பழைய வண்டிகளை உடைக்கிறார்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டது இரண்டு வேறு விஷயங்கள் கலந்த செய்தி. டெல்லி வட்டாரத்தில் டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்று வந்த கட்டுப்பாடு அந்த வட்டாரத்துக்கு. 15 வருடம் தாண்டினால் பதிவு புதுப்பிக்க முடியாது என்று 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருப்பது அரசாங்க வண்டிகளுக்கு. தமிழ்நாட்டில் தனியார் வண்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனையில் தேறிப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். உங்கள் ஆர்.சி. உயிரோடு இருக்கிறது. அது சாதாரணப் பதிவாகவே இருக்கட்டும். கல்யாணம் முடிந்து, வண்டியை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்வதா ஓட்டுவதா என்று ஆற அமர முடிவு செய்துவிட்டு வின்டேஜ் பற்றி யோசியுங்கள்.

இது இடது பக்க ஸ்டியரிங் வண்டி என்பதால் ஒரு சின்னக் குறிப்பு. 120ஆவது பிரிவுப்படி இடப்புற ஸ்டியரிங் வண்டியில் சிக்னல் கருவி இருந்தாக வேண்டும், அது வேலையும் செய்ய வேண்டும். இண்டிகேட்டர் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ்

மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், உங்களிடம் இருக்கும். பெட்ரோல் கசிந்து தீப்பிடித்துப் பக்கத்தில் நின்ற ஒருவருக்குக் காயம் என்றால், கம்பெனி அவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் திரும்ப வசூலிக்கப் பார்க்கலாம். உங்கள் வண்டிக்கு ஏற்பட்ட சேதம் என்றால் இன்னும் மோசம். பாலிசியின் முக்கிய நிபந்தனை வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பது. இன்னொன்று, அபாயத்தைக் கூட்டுகிற மாற்றத்தைச் சொல்லாமல் மறைக்கக் கூடாது என்பது. சர்வேயர் வந்து, எரிந்துபோன வண்டியில் ரேடியேட்டர் ஹோஸ் துண்டைக் கையில் எடுத்தால் கதை முடிந்தது. நானே அப்படி அறிக்கை எழுதியிருக்கிறேன், எழுதிவிட்டுச் சாப்பிடப் பிடிக்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

மாற்றம் எதுவாக இருந்தாலும் செய்வதற்கு முன்பே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வையுங்கள். உங்கள் வண்டியின் மதிப்புக்கும் இது பொருந்தும். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பு நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்வதுதான். ஏஜென்ட் ஏதோ ஒரு தொகையைப் போட்டுக் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். நாலு பக்கமும் போட்டோ எடுத்து, சேசிஸ் எண் தெரிகிற படத்தோடு கொடுத்துப் பேசுங்கள். நியாயமில்லாமல் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற சென்னை ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

பட்டறை எதுவானாலும் பில் இல்லாமல் டேங்க் வேலை கொடுக்காதீர்கள். என்ன ஹோஸ், என்ன வாஷர், யார் வெல்டிங் செய்தார் என்று பில்லில் இருக்கட்டும். வேலையில் குறை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு, ஆனால் வெறுங்கையோடு போக முடியாது.

அப்படியானால் என்ன செய்வது?

என் யோசனை இதுதான். வாய் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். கசிவைக் கண்டுபிடித்து, மூடி வாஷரையும் மிதவைத் தட்டு வாஷரையும் எத்தனால் தாங்கும் ரப்பரில் புதிதாகப் போடுங்கள். டேங்கை ஒருமுறை வெளியே எடுத்து அடித்தட்டைச் சுரண்டிப் பார்த்து, தண்ணீர் ஓட்டைகளைத் திறந்துவிடுங்கள். உங்கள் டேங்க் சின்ன வாய் வகையா பெரிய வாய் வகையா என்று கடிதத்தில் இல்லை. போர்க்காலத்திலேயே பின்னால் வந்த டேங்குகளில் வாயை அகலமாக்கி, உள்ளே இழுத்து நீட்டுகிற கழுத்து வைத்தார்கள். உங்களுடையது சின்ன வாய் என்றால், பெரிய வாய் டேங்க் ஒன்றைத் தேடி மாட்டினாலே பங்கில் பாதித் தொல்லை தீரும். பாடியில் ஒரு கீறல் விழாது, அந்த வண்டியின் காலத்துக்கு உரிய பாகமும்கூட.

பங்கில் எல்லாரும் இறங்கி, குஷனை முழுசாக எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். நாசில் முனை கழுத்தின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும், வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். 45 லிட்டரோடு போதும் என்று நிறுத்திவிடுங்கள். முதல் 'டக்' சத்தத்துக்குப் பிறகு 'ரவுண்டா ஆக்கிடலாம் சார்' என்று சில்லறைக்கு அழுத்த விடாதீர்கள். கொப்பளிப்பதில் பெரும்பாதி அந்தக் கடைசி இருபது ரூபாயில்தான்.

இத்தனைக்கும் பிறகும் வெளிவாய்தான் வேண்டும் என்றால், அது உங்கள் உரிமை, உங்கள் வண்டி. வின்டேஜ் ஆசையை விட்டுவிட்டுச் செய்யுங்கள். மூல டேங்கை அறுக்காமல், பக்கக் கழுத்தோடு வேறு டேங்க் செய்துகொள்ளுங்கள். காற்றுக் குழாய், சரிவு, ஃபில்லர் ஹோஸ் மூன்றும் நான் சொன்னபடி இருக்கட்டும். ஹோஸ் ரப்பர் என்பதால் வெளிக் கழுத்து வண்டியிலிருந்து மின்தொடர்பு அறுந்து நிற்கும், அதைப் பாடியோடு ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். சைலன்சர் குழாய் வெளியே வருகிற பக்கமாகவோ, டயர் கல்லை வாரி அடிக்கிற உயரத்திலோ வாய் இருக்கக் கூடாது. மலைப்பாதையில் இடது பக்கம் பாறையில் உரசுகிற பக்கம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். தைக்கு முன் இதைத் தொடங்கவே வேண்டாம்.

கடைசியாக, அந்த மாப்பிள்ளை அழைப்பு. டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், அதையும் முந்தின நாளே போட்டுவிடுங்கள். இரண்டு கிலோ பவுடர் தீயணைப்பான் ஒன்று ஓட்டுநர் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். பூ அலங்காரக்காரரிடம் ஓட்டுநர் சீட்டுப் பக்கம் கம்பி, சீரியல் பல்பு எதுவும் இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்டிக்கு முன்னால் சரவெடி வைக்கத் துடிக்கிற சொந்தக்காரப் பையன்களைச் சமாளிப்பது உங்கள் மச்சான்கள் பொறுப்பு.

அதற்கு முன், வாஷர் மாற்றி ஒரு வாரம் கழித்து, உங்கள் வீட்டம்மாவை ஷெட்டுக்குக் கூட்டிப்போய்க் குஷனைத் தூக்கிக் காட்டுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டரைவிடக் கறாரான மூக்கு அது. அவர் ஏறி உட்கார்ந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.